நீர்யானைக்கு நான்கு நிமிடம்

எங்கள் கம்பெனியில் அவருக்கு டைம் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேராக அக்கா. அந்தப் பக்கம் போனதும் டைம் அக்கா. அது அவருக்கும் தெரியும். ஒருமுறை கேன்டீனில் தட்டு கழுவுகிற இடத்தில் யாரோ கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார்கள். அவர் திரும்பி, "கூப்ட்டியா?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் போய்விட்டார்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்கிற தொழிற்சாலை அது. நான் அங்கே ஆறு வருடம் டேப் சுற்றினேன். நீளமான பலகைகள் மெல்ல நகர்ந்து வரும். வரிசையாக நிற்கிற பெண்கள் ஒவ்வொருவரும் தன் பங்கு ஒயரைப் பதித்து, கிளிப் மாட்டி, டேப் சுற்றி அடுத்தவளுக்கு அனுப்ப வேண்டும். நடுவில் ஒருத்திக்குக் கை சுணங்கினால் அவளுக்குப் பின்னால் எல்லாம் நின்றுபோகும். எங்கே சுணங்குகிறது, ஏன் சுணங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அக்காவின் வேலை. முதுகுக்குப் பின்னால் வந்து நின்று நேரம் எடுப்பார். முதல் மாதம் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே நான் டேப்பைக் கோணலாகச் சுற்றிவிடுவேன்.

ஒருநாள் அப்படி நின்று பார்த்துவிட்டு, "எத்தன தடவ குனியிறன்னு தெரியுமா உனக்கு?" என்றார்.

"தெரியாதுக்கா."

"நானும் இப்பதான் எண்ணினேன். இனிமே குனியாத."

மறுநாள் காலையில் கிளிப் பெட்டி என் இடுப்பு உயரத்தில் ஒரு தாங்கியில் இருந்தது. மூன்று மாதமாக இருந்த முதுகுவலி பத்து நாளில் போனது. லைனில் கட்டுகளும் கூடுதலாக வெளியே போயின. சூப்பர்வைசர் அதைப் பெரிதாக போர்டில் எழுதி வைத்தார். இதில் அக்காவுக்கு எது முக்கியம் என்று எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம். கம்பெனி ஆள் என்று பாதிப் பேர் சொன்னோம். நம்ம ஆள் என்று மீதிப் பேர். கேட்டிருந்தால் அவருக்குக் கேள்வியே புரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. ஒன்று வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு அவரால் இருக்க முடியாது. அவ்வளவுதான்.

அவருடைய வீடு மண்ணூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குத்தான் போவார். பக்தி அதிகமோ என்று நினைத்தேன். "ஃபாதர் அதுக்கப்புறம் பக்கத்து ஊருக்குப் பூசைக்குப் போவணும். பிரசங்கம் தானா சின்னதாயிடும்" என்றார். அடுப்படியில் பொருள்களை எடுக்கிற வரிசையில் அடுக்கியிருப்பார். உப்புக்குப் பக்கத்தில் மிளகாய்த்தூள் இருக்காது. பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் காபித்தூள், அதற்குப் பக்கத்தில் கணவரின் மாத்திரை டப்பா. கண்ணை மூடிக்கொண்டு சமைக்கலாம். காலையில் கம்பெனி பஸ் அவர் நிறுத்தத்துக்கு வரும்போது அவரும் வருவார். ஒரு நிமிடம் முன்னால் வந்து நின்றதாக யாரும் சொன்னதில்லை.

கணவர் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அதிகம் பேசாதவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். முதல்முறை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அடுத்த மனையில் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, மதில் ஓரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி வந்தா அவங்களே வந்து சொல்லப்போறாங்க. இவரு எதுக்கு நிக்கணும்?" என்று அக்கா என்னிடம் கேட்டார். அதில் கோபம் இல்லை. நிஜமாகவே காரணம் தெரியாமல் கேட்டார். நான் அங்கே இருந்த ஒரு மணி நேரமும் மாமா உள்ளே வரவில்லை.

வண்டலூர் போகிற யோசனை கேன்டீனில் பிறந்தது. ஒரகடத்திலிருந்து அரை மணி நேரத்தில் இவ்வளவு பெரிய ஜூ இருக்கிறது, எங்கள் லைனில் பாதிப் பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனதே இல்லை. காணும் பொங்கலுக்குப் போகலாம் என்றாள் ஒருத்தி. "அன்னிக்குப் போனா மனுசங்களத்தான் பாக்கலாம்" என்றார் அக்கா. பொங்கல் கழிந்து இரண்டாவது ஞாயிறு என்று முடிவானது. ஏழு குடும்பம், இருபத்து நாலு பேர், ஒரு வேன்.

அதற்கு முந்தைய வாரம் தன்னுடைய லீவு நாளில் அக்கா மட்டும் தனியாக பஸ் ஏறிப் போய் அந்த ஜூ முழுவதையும் நடந்து பார்த்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஒரு கிராஃப் தாளை மேசையில் விரித்தார். எங்கே மேடு, எங்கே சரிவு, எங்கே நிழல், எங்கே கழிவறை, எங்கே தண்ணீர் என்று பென்சிலில் இருந்தது.

"உள்ள போனதும் அவங்கவங்க கண்ணுல பட்டதப் பாத்துக்கினு போறாங்க. மத்தியானம் உச்சி வெய்யில்ல புள்ளைங்களத் தூக்கிக்கினு மேடு ஏறறாங்க. நாம காலு புதுசா இருக்கும்போதே ஏறிடணும். சாப்ட்டப்புறம் எறக்கம்தான்."

புலி முதலில், வெயில் ஏறிவிட்டால் அது படுத்துவிடும். சிங்கம் பார்க்கப் போகிற பஸ்ஸுக்கு வரிசை நீள்வதற்குள் போய்விட வேண்டும். சாப்பாடு ஒரு பெரிய மரத்தடியில். கழிவறை கூப்பிடு தூரம். பாம்பு சாப்பாட்டுக்குப் பிறகு, அங்கே கூரை இருக்கிறது. ஒவ்வொருவரும் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரு மிருகத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டு, பெயருக்கு நேராக எழுதிக்கொண்டார். எல்லா மிருகத்துக்கும் நிமிடம் போட்டிருந்தது. நீர்யானைக்கு நான்கு.

என் அப்பா வரமாட்டேன் என்றார். அதற்கு இரண்டு வருடம் முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. "நான் வந்தா எல்லாரும் எனக்கோசரம் நின்னு நின்னு வரணும். நீங்க போங்க" என்றார். இதை நான் அக்காவிடம் சொன்னேன். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். அப்பாவை வாசலிலிருந்து தெருக் குழாய் வரைக்கும் போய்த் திரும்பி வரச் சொன்னார். அப்பாவும் என்னவோ கேட்கிறார்கள் என்று நடந்து காட்டினார். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார்.

"அப்பா, மொத்தக் கணக்கும் இப்ப உங்க நடையில போடப்போறேன். நீங்க வரலன்னா எல்லாரும் சீக்கிரம் சீக்கிரமா போயி அடுத்த எடத்துல சும்மா நிப்பாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "யானை கீதாம்மா அங்க?" என்றார். அக்கா எழுதிக்கொண்டார்.

தன் கணவரிடமும் என்ன மிருகம் என்று கேட்டிருக்கிறார். "எதுனாலும் சரி" என்றிருக்கிறார் மாமா. அதனால் அவர் பெயருக்கு நேராக மிருகம் இல்லை. 'கடைசி' என்று எழுதியிருந்தது. தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் அவர் வர வேண்டும். "அவரு வந்துட்டாருன்னா பின்னாடி யாரும் இல்லன்னு அர்த்தம்" என்று அக்கா விளக்கினார். நல்ல யோசனை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

அந்த நாள் அக்கா வரைந்தபடியே போனது. வேன் ஏழரைக்குக் கிளம்பியது. வாசலில் காவலாளிகள் மற்றவர்களுடைய பைகளைத் திறந்து பிளாஸ்டிக் கவர்களை எடுத்துக்கொண்டிருந்தபோது எங்களுடைய எவர்சில்வர் தூக்குகள் நேராக உள்ளே போயின. நாங்கள் போய் நின்றபோது புலி கம்பிக்கு அந்தப் பக்கம் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தது. அப்பா மேட்டுப் பாதையில் மட்டும் பேட்டரி வண்டியில் போனார். மற்ற இடமெல்லாம் நடந்தார். அவருக்காக யாரும் நிற்கவில்லை. நிற்க வேண்டிய இடங்களில் எல்லாம் ஏதோ ஒரு மிருகம் இருந்தது. யானையின் முன்னால் அவர் உட்கார ஒரு திட்டு இருந்தது; அதையும் அக்கா முன்பே பார்த்து வைத்திருந்தார்.

மத்தியானம் நாங்கள் மரத்தடியில் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வேறு குடும்பங்கள் அழுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி மேடேறினார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்க முடியாது.

மூன்று மணி வாக்கில் நீர்யானைக் குளத்துக்கு வந்தோம். பச்சையும் பழுப்புமாகத் தண்ணீர் மட்டும் தெரிந்தது. பிள்ளைகள் "எங்க, எங்க?" என்று கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். ஒரு இடத்தில் குமிழி வந்தது. நான்கு நிமிடம் ஆனது. "சரி, பறவைங்களப் பாக்கலாம், வாங்க" என்றார் அக்கா. நகர்ந்தோம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் என் தங்கை வந்து சேர்ந்துகொண்டாள். அவள் வேறு கம்பெனியில் இருந்தாள். அன்றைக்கு அவளுக்கு முதல் ஷிஃப்டில் ஓ.டி. வரமுடியாது என்று சொல்லியிருந்ததால் கணக்கில் இல்லை. வேலை முடிந்ததும் பஸ் பிடித்து நேராக வந்துவிட்டாள். எனக்கு அவளைப் பார்த்த சந்தோஷம். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. வேனில் ஓர் ஆள் எப்படியும் இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன்.

நாலரை மணிக்கு வேனில் ஏறினோம். அக்கா முன்னால் நின்று விரலை நீட்டி எண்ணினார். "இருவத்து நாலு. போலாம்ப்பா."

படப்பை தாண்டவில்லை. அக்காவின் மகள் தாகமாக இருக்கிறது என்றாள். அக்கா திரும்பி, "கேன் யாராண்ட கீது?" என்றார். சீட்டுக்கு அடியில் பார்க்கச் சொன்னார். இல்லை. மறுபடி, "தண்ணி கேன யாரு எடுத்தா?" என்றார். அதற்குப் பிறகுதான் எழுந்து நின்றார். ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே கடைசி வரைக்கும் போனார்.

"அவரு எங்க?"

வேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மறுபடி எண்ணினார். இருபத்து நாலு. இன்னொரு முறை எண்ணினார். அதே இருபத்து நாலு. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, என் தங்கச்சி நடுவுல வந்தா. உங்களாண்ட சொல்லல."

அக்கா என் தங்கையைப் பார்த்தார். அவள் எழுந்துகொள்ளப் பார்த்தாள். "நீ ஒக்காரும்மா" என்றார் அக்கா.

மாமாவின் ஃபோன் மகளிடம் இருந்தது, காலையிலிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பர்ஸ் அக்காவின் பையில். வேன்காரருக்கு ஆறு மணிக்கு வேறு சவாரி. அக்கா வேனை நிறுத்தச் சொன்னார். மகளை என் அம்மாவிடம் விட்டார். "நீங்க எல்லாரும் போங்க. நான் போயி இட்டுக்கினு வரேன்" என்று இறங்கினார். என்னால் வந்த வினை என்பதால் நானும் இறங்கினேன். வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

தாம்பரம் போகிற பஸ் நெரிசலாக வந்தது. நின்றுகொண்டே போனோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கூட்டம். மண்ணிவாக்கம் வரும்போது வண்டிகள் நகரவே இல்லை. அக்கா கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க நிப்பாருன்னு நெனக்கிற?"

"கேட்டாண்டதான் நிப்பாருக்கா. யாராவது வழி மாறிட்டா கேட்டாண்ட வந்து நிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க."

"அது மத்தவங்களுக்குச் சொன்னது. அவருக்குத் தனியா சொல்லல."

கொஞ்ச நேரம் கழித்து, "எதனா ஒரு எடத்துல ஆசையா நின்னு பாத்தாரா? நீ பாத்தியா?" என்று கேட்டார்.

"நான் அப்பாவோட இருந்தேன்க்கா."

"நான் காலையிலருந்து முன்னாடியே போயிக்கினு இருந்தேன்."

"சாப்பாட்டுக்கு எங்ககூடத்தான இருந்தாரு?"

அவர் யோசித்தார். "சாதம் போட்டேன். தட்டு நீட்டுன கை தெரிஞ்சுது" என்றார்.

எல்லாவற்றையும் முன்பே தெரிந்து வைத்திருக்கிற ஒருவர் தெரியாமல் நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது சங்கடமாக இருந்தது. எப்போது போய்ச் சேருவோம் என்று கண்டக்டரிடம் கேட்டார். அது அவருக்குப் பதில் தெரியாத கேள்வி இல்லை.

போய்ச் சேர்ந்தபோது ஜூ மூடிவிட்டிருந்தது. வெளியே வருகிற கூட்டமும் வடிந்துவிட்டது. கேட்டருகில் மாமா இல்லை. காவலாளியிடம் அக்கா அடையாளம் சொன்னார்: "நீல சட்டை" என்றார், உடனே, "இல்ல, கட்டம் போட்டது" என்றார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கும் ஞாபகம் இல்லை. "தண்ணி கேன் வெச்சிருப்பாரு" என்று முடித்தார். உள்ளே யாரும் இல்லை, எல்லோரையும் அனுப்பியாகிவிட்டது என்றார் காவலாளி. அக்கா வண்டி நிறுத்துகிற இடத்துக்கு ஓடினார். திரும்பி வந்தார். மறுபடி அங்கேயே போனார்.

மாமா அந்த இடத்தின் கோடியில், மதிலோரம், கேனின் மேல் உட்கார்ந்திருந்தார். கொய்யா விற்கிற அம்மா கூடையைக் கட்டிக்கொண்டிருக்க, அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். காலையில் வேன் நின்ற இடம் அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"எங்க போனீங்க?" என்றார் அக்கா. மூச்சு வாங்கியது.

"எங்கயும் போவல. நீர்யானையாண்ட நின்னேன்."

"அங்க ஒண்ணுமே தெரியலையே."

"நாம போனப்ப வெறும் தண்ணிதான் தெரிஞ்சுது. நீங்கள்லாம் கெளம்பிட்டீங்க. நானும் திரும்பிட்டேன். அப்ப ரெண்டு காது மட்டும் மேல வந்துச்சு. சரி, முழுசா வரட்டும்னு நின்னேன்." அவர் கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிக் காட்டினார். "வருது, மூச்ச வுடுது, உள்ள பூடுது. மறுபடி எங்க வரும்னே தெரியாது. நான் இங்க பாத்தா அது அங்க வருது. குட்டி ஒண்ணு கீது. அது அம்மா முதுவுமேல ஏறிக்கினே கீது."

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டிருப்பாரா என்று தெரியவில்லை.

"எல்லாரும் போறது தெரிஞ்சுதில்ல?"

"தெரிஞ்சுது. கெளம்பறப்ப எண்ணுவீங்க, ஒரு ஆளு கொறையும், யாராவது வருவாங்கன்னு நெனச்சேன்."

"எண்ணினேன்" என்றார் அக்கா. "சரியா வந்துது."

மாமா தலையை ஆட்டினார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கேனில் மிச்சமிருந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை நின்றபடியே குடித்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் இருந்தேன். சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கேன்டீனில் இது வெகுநாள் ஓடியது. "புலி, சிங்கம் எல்லாம் பாத்துட்டு வூட்டுக்காரர வுட்டுட்டு வந்துட்டியேக்கா" என்று சிரிப்பார்கள். "ஆமா" என்பார். நான் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். "உம்மேல தப்பில்ல. கணக்கு வந்துட்டுது, நிறுத்திட்டேன். மூஞ்சப் பாக்கல" என்றார். சொல்லிவிட்டு வழக்கம்போல லைனில் நேரம் எடுக்கப் போய்விட்டார். அவர் மாறிவிட்டார் என்று சொன்னால் அது உண்மையாகாது. அதற்கு அடுத்த வாரம்தான் எங்கள் டீ இடைவேளையில் வரிசை நீள்கிறது என்று டம்ளர்களை வேறு மேசைக்கு மாற்ற வைத்தார்.

ஆனால் அந்த மார்ச்சில் ஒருநாள் லீவு போட்டார். வெள்ளிக்கிழமை. அவர் காரணமில்லாமல் லீவு போட்டு நாங்கள் பார்த்ததில்லை. மறுநாள் நான் கேட்டேன்.

"வண்டலூர் போனோம். அவரும் நானும்" என்றார்.

"என்னக்கா பாத்தீங்க?"

"நீர்யானை."

"அப்புறம்?"

"அவ்ளோதான். காலையில போயி நின்னோம். சாப்பாட்டுக்குத்தான் நகந்தோம்." பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அது முங்கி எழுந்திரிக்க எவ்ளோ நேரம் ஆவுதுன்னு எடுத்தேன். அடுத்து எப்ப வரும், எந்தப் பக்கம் வரும்னு நான் சொல்லணும்னாரு. நான் சொல்றேன், அவரு பாக்கறாரு. இருவது தடவைக்கு மேல சொல்லியிருப்பேன்" என்றார்.

"எத்தன சரியா வந்துது?"

"ரெண்டு" என்றார். அவர் சிரித்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்து முதல் தடவை. முன்பல் ஒன்று லேசாக உடைந்திருக்கும் என்பதையே அப்போதுதான் கவனித்தேன்.

பிறகு மாமாவுக்கு ஓசூர்ப் பக்கம் வேலை கிடைத்து அவர்கள் போய்விட்டார்கள். நம்பரும் மாறிவிட்டது. கம்பெனிக்கு வெளியே அவரை நான் கடைசியாகப் பார்த்தது அவர்கள் கிளம்புவதற்குச் சில மாதம் முன்னால், என் அப்பா இறந்த அன்று.

இரண்டாவது முறை வந்த பக்கவாதம் அப்பாவை விடிகாலையில் கொண்டுபோய்விட்டது. ஒன்பது மணிக்கெல்லாம் அக்கா வந்துவிட்டார். மாலையை வைத்துவிட்டு இரண்டு நிமிடம் நின்றார். அப்புறம் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். எனக்கு அந்த நடை தெரியும். கொஞ்ச நேரத்தில் நாற்காலிகள் ஷாமியானாவுக்குள் நகர்ந்தன. வருகிறவர்கள் முன்வாசலில் நுழைந்து, அப்பாவைப் பார்த்துவிட்டு, அடுப்படி வழியாக வெளியே போகும்படி ஆனது. டீ பின்பக்கம். உள்ளேயே நின்று கதை பேசுகிறவர்களிடம், "வெளிய நாற்காலி கீதும்மா, ஒக்காந்து பேசுங்க" என்று முதுகில் கைவைத்து நகர்த்தினார்.

என் அத்தைக்குப் பிடிக்கவில்லை. "இன்னாடி இது, உங்க கம்பெனி லைனா? எங்கண்ணனப் பாக்க வந்தவங்கள இவ யாரு தள்றதுக்கு?" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். எனக்கும் அன்றைக்கு அக்கா மேல் கோபம்தான். சாவு வீட்டிலுமா என்று தோன்றியது. போய்ச் சொல்லத் தெம்பில்லாததால் சும்மா இருந்தேன்.

மூன்றரை மணிக்குள் வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டார்கள். குளிப்பாட்டி, வேட்டி சட்டை போட்டு, பெஞ்சில் கிடத்தியாகிவிட்டது. வண்டியும் வந்து நின்றது. தூக்க வேண்டியவர்கள் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அக்கா அவர்களை, "கொஞ்சம் வெளிய இருங்கண்ணா" என்றார். என்னையும் தங்கையையும் எழுப்பினார். கடைசியாக அத்தையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டார். உள்ளே அம்மா மட்டும் இருந்தாள். அக்கா கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விடிந்ததிலிருந்து அம்மா ஒரு நிமிடம்கூட அப்பாவோடு தனியாக இல்லை. வருகிற ஒவ்வொருத்தியும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ, அம்மாவும் ஒவ்வொருத்தியோடும் சேர்ந்து அழ வேண்டியிருந்தது.

வண்டிக்காரர் இறங்கி வந்தார். "இன்னும் எவ்ளோ நேரம்மா ஆவும்?"

"தெரியலப்பா."

"சுடுகாட்டுல சொல்லி வெச்ச நேரம் கீதும்மா."

"கீது. அம்மா வருவாங்க. நில்லு."

பெரியப்பா ஒருமுறை வந்து கதவைப் பார்த்தார். அக்கா நகரவில்லை. அத்தை அடுத்த வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது, அழுகை இல்லை. சாதாரணமாக வீட்டில் பேசுகிற குரல், என்ன சொல்கிறாள் என்று மட்டும் புரியவில்லை. நான் காது கொடுத்துக் கேட்க முயன்றபோது அக்கா என்னைப் பார்த்தார். நான் இரண்டு அடி தள்ளி நின்றேன்.

கதவை அம்மாவே திறந்தாள். குளிப்பாட்டியவர்கள் அப்பாவுக்கு இடது பக்கம் வகிடு எடுத்துச் சீவியிருந்தார்கள். இப்போது அது அப்பாவின் வழக்கப்படி வலது பக்கம் இருந்தது. அம்மாவின் கையில் சீப்பு இருந்தது. அக்கா அதை வாங்கிக்கொண்டு, கதவோரம் ஒதுங்கி, தூக்குகிறவர்களுக்கு வழி விட்டார்.